சுருட்டுக்கு எத்தனை மார்க்?

'முதல் பகுதியில் தேவதாரு மரமும் வெண்மிளகும். நடுப்பகுதியில் பதப்படுத்திய தோல், வறுத்த காபிக்கொட்டை, பின்னணியில் கொஞ்சம் கோகோ. கடைசிப் பகுதியில் ஈரமண், ஜாதிக்காய், நாக்கில் நீண்டு நிற்கும் இனிப்பு. 91.'

இது எந்த சிகாரைப் பற்றியும் எழுதப்பட்டதில்லை. இப்போதுதான் உட்கார்ந்து எழுதினேன், இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் சிகார் ருசிக் குறிப்புகளை வழக்கமாகப் படிக்கிற ஒருவரிடம் இதைக் காட்டினால் சந்தேகமே படாமல் 'எந்த பிராண்டு?' என்றுதான் கேட்பார். எந்த சிகாருக்கும் பொருந்துகிற ஒரு குறிப்பு, எந்த சிகாரைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை என்றுதானே அர்த்தம்? 'கச்சிதமான மொழி, மனதை உலுக்கும் தருணங்கள், தவறவிடக்கூடாத தொகுப்பு' என்று முடிகிற புத்தக மதிப்புரைகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்த வியாதி புதுசு இல்லை.

மாதத்துக்கு இரண்டு, சில மாதம் மூன்று என்று சிகார் பிடிக்கிறவன் நான். பிடித்ததைப் பற்றி ஒரு நோட்டில் எழுதிவைக்கும் பழக்கமும் உண்டு. உடம்புக்கு இது நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிகார் புகை காரத்தன்மை கொண்டது. உள்ளே இழுக்காமல் வாயில் வைத்து ஊதினாலே வாயின் உட்தோல் வழியாக நிகோடின் ஏறிவிடும். வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு அந்த வழியும் போதும். இந்தக் கட்டுரை யாரையும் பிடிக்கச் சொல்வதற்காக இல்லை. ஒரு பொருளை ருசித்து, இன்னொன்றோடு ஒப்பிட்டு, தீர்ப்புச் சொல்வது என்கிற செயலைப் பற்றியது. அதாவது விமர்சனம் பற்றியது. சிகார் உலகத்தில் இந்தச் செயல் மிக வெளிப்படையாக, கிட்டத்தட்ட நிர்வாணமாக நடக்கிறது. அதனால் அங்கே போய்ப் பார்க்கலாம்.

இந்தக் குறிப்பு எழுதும் முறை சிகாரில் பிறந்ததில்லை, ஒயினில் இருந்து வந்தது. நியூயார்க்கில் 'ஒயின் ஸ்பெக்டேட்டர்' பத்திரிகையை நடத்திவந்த மார்வின் ஷான்கென் 1992-ல் 'சிகார் அஃபிஷியனாடோ'வைத் தொடங்கினார். ஒயினுக்கு ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்த 100 மார்க் முறை அப்படியே சிகாருக்கும் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, ஒரு விஷயத்தில் அவர்கள் நேர்மையானவர்கள். சிகாரைச் சுற்றியிருக்கும் பிராண்டு வளையத்தை எடுத்துவிட்டு வெறும் எண் போட்ட வளையத்தோடுதான் ருசிப்பவரிடம் கொடுப்பார்கள். தமிழில் ஒரு சிறுகதைப் போட்டியிலாவது பெயரை மறைத்துக் கொடுக்கிறோம். மதிப்புரையில் அதைச் செய்ய வழியே இல்லை.

ஆனால் அந்த மார்க்கைப் பாருங்கள். 100 வரை இடம் இருக்கிறது, வாழ்க்கை முழுக்க எண்பதுகளின் பின்பாதிக்கும் தொண்ணூறுகளின் முன்பாதிக்கும் நடுவில்தான் நடக்கிறது. 88 என்றால் பரவாயில்லை, 93 என்றால் கடையில் தீர்ந்துவிடும். கையால் செய்த ஒரு பொருளில் 91-க்கும் 92-க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் யாரிடமும் பதில் கிடையாது. ஒப்பிடுவதற்கு உதவும் என்று வந்த எண், ஒப்பிடும் வேலையையே நிறுத்திவிடுகிறது. 92 பெரிசு, 91 சின்னது, முடிஞ்சுது கதை.

பெயரை மறைத்தால் போதுமா என்பது அடுத்த கேள்வி. போர்தோவில் நடந்த ஒரு பரிசோதனை 2001-ல் வெளியானது. ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேருக்கு ஒரு வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அதே வெள்ளை ஒயினில் வாசமில்லாத சிவப்புச் சாயம் கலந்து இன்னொரு கோப்பையிலும் கொடுத்தார்கள். சாயம் போட்டதற்கு அவர்கள் பயன்படுத்தியவை பெரும்பாலும் சிவப்பு ஒயினுக்கான சொற்கள். கண் முதலில் ருசித்துவிட்டது, நாக்கு பின்னாலேயே போய்க் கையெழுத்துப் போட்டது. சிகாரிலும் இதே கதைதான் என்பது என் சந்தேகம். மேலே சுற்றிய இலை கறுப்பாக எண்ணெய் மினுமினுப்போடு இருந்தால் குறிப்பில் சாக்லேட், காபி, கரும்பாகு வந்து நிற்கும். இலை வெளிர் மஞ்சளாக இருந்தால் வெண்ணெய், பாதாம், வைக்கோல். வளையத்தை மறைத்தீர்கள் சரி, நிறத்தை எப்படி மறைப்பீர்கள்?

வளையத்துக்கே ஒரு ருசி உண்டு என்பது வேறு. 1962 பிப்ரவரியில் கியூபா மீதான வர்த்தகத் தடையில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், கென்னடி தன் பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்சரிடம் ஆயிரம் பெட்டிட் உப்மான் சிகார் வாங்கிவரச் சொன்னார், 1200 கிடைத்ததும்தான் கையெழுத்துப் போட்டார். இது சாலிஞ்சரே சொன்ன கதை. அன்றிலிருந்து அமெரிக்காவில் 'கியூபா' என்ற சொல்லே ஒரு சுவை. தடைசெய்யப்பட்ட புத்தகத்தை நாம் படிப்பது மாதிரிதான்.

இனி என் நோட்டுக்கு வருகிறேன். நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வரும்போது இரண்டு வகையில் நான்கு நான்கு வாங்கிவந்தார். ஒன்று கியூபாவின் பார்தகாஸ் சீரி டி நம்பர் 4. ரொபுஸ்தோ அளவு, 124 மில்லிமீட்டர் நீளம், சிவப்பு வளையம். இன்னொன்று பாட்ரோன் 1964. கியூபாவை விட்டு வெளியேறிய ஹோசே ஒர்லாந்தோ பாட்ரோன் மயாமியில் கம்பெனி ஆரம்பித்த வருஷம்தான் 1964. இந்த வரிசை வந்தது 1994-ல், முழுக்க நிக்கராகுவா இலை, பெட்டியில் அழுத்திச் சதுரமாக்கியது. அதாவது ஒரே மரபின் இரண்டு கிளைகள், ஊரில் இருந்தவனும் ஊரை விட்டுப் போனவனும். ஒப்பிட இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

எப்படி ஒப்பிடுவது? ஒரே மாலையில் இரண்டையும் பிடித்தால் இரண்டாவது கட்டாயம் தோற்கும், நாக்கு அதற்குள் களைத்திருக்கும். அதனால் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், நான்கு மாலைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, அதே மொட்டைமாடி, சர்க்கரை போடாத டீ. மழை நாளைத் தவிர்த்தேன். ஈரக்காற்றில் எரிச்சல் வேறு மாதிரி ஆகிவிடும்.

சிகார் ஒன்றுக்குள் என்ன இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் 'பகுதி'கள் ஏன் மாறுகின்றன என்பது புரியாது. உள்ளே நிரப்பும் இலைகள், அவற்றைக் கட்டிப் பிடிக்கும் ஓர் இலை, மேலே அழகுக்கும் வாசத்துக்கும் சுற்றும் ஓர் இலை. உள்ளே இருப்பவை ஒரே செடியின் வெவ்வேறு உயரத்திலிருந்து பறித்தவை. கீழ் இலை வொலாதோ, சுலபமாக எரியும், காட்டம் கிடையாது. நடு இலை சேக்கோ, வாசம் அதனுடையது. உச்சி இலை லிகேரோ, வெயில் முழுக்க வாங்கித் தடித்தது, மெதுவாக எரியும், அடி அதனிடம்தான். சுருட்டுகிறவர் லிகேரோவை நடுமையத்தில் வைக்கிறார். நீங்கள் 'கடைசிப் பகுதியில் சுவை ஆழமாகிறது' என்று எழுதும்போது, அதில் பாதி அவருடைய விரல் செய்த ஏற்பாடு. மீதிப் பாதி, எரிய எரியச் சூடும் தாரும் அடியில் சேர்வது. இதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஆனால் ருசிக் குறிப்புகளில் இந்த விரலைப் பார்க்கவே முடியாது. ஈரமண் இருக்கும், ஜாதிக்காய் இருக்கும், சுருட்டியவர் இருக்கமாட்டார்.

மூன்றாவது மாலை சித்தப்பா வந்திருந்தார். முசிறிப் பக்கம், நாற்பது வருஷமாகச் சுருட்டு பிடிப்பவர். இப்போது டாக்டர் சொல்லி வாரத்துக்கு ஒன்று. பார்தகாஸில் நாலு இழுப்பு இழுத்தார்.

"எப்படி இருக்கு சித்தப்பா?"

"காட்டம் இருக்குடா. ஆனா கமறல."

"தோல் வாசம் வருதா?"

"ஏன், செருப்புக் கடையிலயா உக்காந்திருக்கோம்?"

அடுத்த வாரம் பாட்ரோனை முழுசாகப் பிடித்தார். முதல் கால்மணி நேரம் பேசவே இல்லை. பாதி தாண்டியதும் சொன்னார்: "இது மொதல்ல ஒண்ணும் காட்டிக்கல பாரு. இப்பத்தான் மண்டைக்கு ஏறுது. நல்லா ஊறுன எல. போன வாரத்துது வந்ததுமே எல்லாத்தையும் சொல்லிருச்சு. எனக்கு அதுதான் புடிச்சுது, ஆனா இதுதான் ஒசத்தி."

கடைசி வாக்கியத்தை மறுபடி படியுங்கள். தனக்குப் பிடித்தது வேறு, உசத்தி வேறு என்று பிரித்துச் சொல்ல எத்தனை விமர்சகர்களால் முடிகிறது? இந்த இரண்டு சிகாருக்கும் நான் அதற்கு முன் படித்திருந்த குறிப்புகளில் காபி, தோல், மிளகு என்ற மூன்றும் இரண்டு பக்கமும் இருந்தன. அவற்றை வைத்து எது எது என்று பிரிக்கவே முடியாது. சித்தப்பா சொன்னதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கலாம்.

என்ன வித்தியாசம் என்று நிறைய யோசித்தேன். குறிப்பு எழுதுகிறவர்கள், இது எதைப் போல இருக்கிறது என்று சொல்கிறார்கள். சித்தப்பா, இது என்ன செய்கிறது என்று சொன்னார். அவர் பயன்படுத்தியவை பெரும்பாலும் வினைகள். கமறியது, ஏறியது, காட்டிக்கொள்ளவில்லை, சொல்லிவிட்டது.

மணத்துக்குச் சொல் கிடையாது, எதையாவது காட்டித்தான் சொல்ல முடியும் என்பது ஐரோப்பிய மொழிகளில் ரொம்ப நாளாக இருந்துவந்த நம்பிக்கை. மொழியியல் ஆய்வாளர் அசிஃபா மஜீத் சகாவோடு சேர்ந்து 2014-ல் வெளியிட்ட ஆய்வு இதை அசைத்தது. மலேயத் தீபகற்பத்தின் ஜஹாய் மக்கள் மணங்களை நிறங்களைப் போலவே சுலபமாகப் பெயர் சொல்கிறார்கள். 'வாழைப்பழம் மாதிரி' என்று பொருளைக் காட்டாமல், பல பொருள்களுக்குப் பொதுவான மணத்துக்கே தனிச்சொல். ஆங்கிலம் பேசுபவர்கள் அதே மணங்களுக்குத் தடுமாறினார்கள்.

தமிழிலும் அப்படிச் சொற்கள் இருப்பதை நாம் கவனிப்பதில்லை. நெடி, வீச்சம், கவிச்சி, ஊசல், மக்கல், சிக்கு, பொசுங்கல். இவற்றில் எதுவும் ஒரு பொருளின் பெயர் இல்லை. மிளகாய் வறுத்தாலும் நெடி, பெயின்ட் அடித்தாலும் நெடி. சமையலறையில் இவ்வளவு துல்லியமாக இருக்கும் நாம், எழுத உட்கார்ந்ததும் 'ஓக் மரத்தின் சாயல்' என்று ஆரம்பித்துவிடுகிறோம். ஓக் மரத்தை மோந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

தேவதாரு விஷயம் இன்னும் வேடிக்கை. ருசிக் குறிப்புகளில் அடிக்கடி வரும் 'சிடார்' வாசம் கற்பனை இல்லை. சிகார்ப் பெட்டிகளை ஸ்பானிஷ் சிடார் மரத்தில் செய்கிறார்கள், இலை அதன் வாசத்தை வாங்கிக்கொள்கிறது. ஆனால் அந்த மரம் உண்மையான சிடார் இல்லை, மஹோகனி குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழில் அதை 'தேவதாரு' என்று எழுதினால் இமயமலையின் வேறொரு மரத்துக்குப் போய்விடுவோம். ஆக, மேலே நான் எழுதிய பொய்க் குறிப்பின் முதல் சொல்லே இரண்டு கை மாறிய தப்பு. படிப்பவர் யாரும் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் அது வாசத்தைச் சொல்ல எழுதப்பட்ட சொல் இல்லை, தரத்தைக் காட்ட எழுதப்பட்ட சொல்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒப்புமைச் சொற்களே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. டேவிஸில் ஆன் நோபல் 1984-ல் உருவாக்கிய ஒயின் வாசச் சக்கரம் ஒரு நல்ல காரியம். இரண்டு பேர் ஒரே விஷயத்தைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று சரிபார்க்க ஒரு பொதுப் பட்டியல் வேண்டும். சித்தப்பாவின் முறையில் எஸ்தெலி இலையையும் ஹாலப்பா இலையையும் பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டும் காட்டமாக இருந்தால் இரண்டும் காட்டம்தான். 'மார்க்கேஸ் போல எழுதுகிறார்' என்பதும் புதிதாக வருபவருக்கு ஒரு கைகாட்டி. கைகாட்டியிலேயே குடியிருப்பதுதான் பிரச்சினை.

காட்டம், கமறல் என்ற சொற்கள் ஏன் எந்தக் குறிப்பிலும் ஏறவில்லை? மொழி காரணமில்லை, ஆள்தான் காரணம். தமிழில் ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறோம். கிளப்பில் சோபாவில் உட்கார்ந்து பிடித்தால் சிகார், திண்ணையில் குந்திப் பிடித்தால் சுருட்டு. நம் சினிமாவில் கோட்டு போட்ட வில்லன் பிடிப்பது சிகார். கருப்பசாமிக்கும் முனீஸ்வரனுக்கும் சாராயத்தோடு படைப்பது சுருட்டு. நான் இந்தக் கட்டுரை முழுக்க எந்த இடத்தில் எந்தச் சொல்லைப் போடுகிறேன் என்று பாருங்கள், நானும் அந்த வேலிக்குள்தான் இருக்கிறேன். ஆங்கிலத்தின் 'செரூட்' வந்ததே நம் சுருட்டிலிருந்து. விக்டோரியா காலத்தில் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு லண்டன் வரை போனது. ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் நாவலிலேயே, 1887-ல், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலை வைத்து அது திருச்சி சுருட்டு என்று அவர் கண்டுபிடிக்கிறார். 140 வகைப் புகையிலைகளின் சாம்பலை ஒப்பிட்டு ஹோம்ஸ் ஒரு நூலே எழுதியிருப்பதாகவும் டாயில் சொல்கிறார். உலக இலக்கியத்தில் உறையூருக்குக் கிடைத்த இடம் அது: தடயம். அதன் சாம்பலைத் தெரியும், ருசி எப்படி என்று யாரும் எழுதவில்லை.

இந்த விஷயத்தில் ஒழுங்காக எழுதியவர்கள் என்று இரண்டு கியூபர்களைச் சொல்வேன், அதில் ஒருவரைக் கொஞ்சம் தயக்கத்தோடு. கில்யெர்மோ கப்ரேரா இன்ஃபான்டே காஸ்ட்ரோவின் கியூபாவை 1965-ல் விட்டு வந்து லண்டனில் வாழ்ந்தவர். 1985-ல் நேரடியாக ஆங்கிலத்தில் எழுதிய 'ஹோலி ஸ்மோக்', சிகாரின் வரலாறும் சினிமாவில் வரும் சிகார்களும் சிலேடைகளும் கலந்த புத்தகம். பின்பகுதி முழுக்க இலக்கியத்தில் புகையிலை பற்றி வந்தவற்றின் தொகுப்பு. புத்திசாலித்தனம் பக்கத்துக்குப் பக்கம் வெடிக்கிறது. ஆனால் ஐம்பது பக்கத்துக்கு மேல் சிலேடை கமறுகிறது. ஊரைப் பிரிந்தவனின் துக்கம் அடியில் இருக்கிறது, அவர் அதை மேலே வரவே விடுவதில்லை.

இன்னொருவர் பெர்னாண்டோ ஒர்த்திஸ். அவருடைய 1940-ம் ஆண்டு நூல் புகையிலையையும் சர்க்கரையையும் எதிரெதிரே நிறுத்துகிறது. ஒன்று சிறு நிலத்தில் பக்குவமாக வளர்வது, மற்றது ஆலையும் அடிமை உழைப்பும் கேட்பது. சுத்திகரித்த சர்க்கரை எங்கும் ஒன்றுதான், இரண்டு சிகார் ஒன்றாக இருக்கவே முடியாது. ஒப்பீடு என்றால் இது. ஒரே அலமாரியில் இருக்கும் இரண்டுக்கு 91, 92 என்று போடுவதில்லை. இரண்டையும் மோதவிட்டு, இரண்டுக்கும் அடியில் இருக்கும் ஒரு நாட்டையே வெளியே கொண்டுவருகிறார்.

இரண்டு சிகார் ஒன்றாக இருக்காது என்பதில் விமர்சகனுக்கு ஒரு கஷ்டமும் இருக்கிறது. நான் படித்த நாவலை நீங்கள் எடுத்து, இவன் சொன்னது சரியா என்று பார்க்கலாம். நான் பிடித்த சிகாரை நீங்கள் பிடிக்கவே முடியாது, அது சாம்பல். பெட்டியில் அதற்குப் பக்கத்தில் இருந்ததைத்தான் பிடிப்பீர்கள். ஆகவே சிகார் குறிப்பு என்பது தீர்ப்பு அல்ல, சாட்சியம். சாட்சி சொல்பவன் தான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். கச்சேரி விமர்சனத்துக்கும் இதே விதிதான்.

சிகார் செய்தவர்களே விமர்சகர்களாகவும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட மனசில்லை. 1865-ல் ஹவானாவில் எல் ஃபிகாரோ தொழிற்சாலையில் ஒரு பழக்கம் தொடங்கியது. தொழிலாளர்கள் சுருட்டிக்கொண்டிருக்க, மேடையில் ஒருவர் உரக்கப் பத்திரிகையும் நாவலும் படிப்பார். அவருக்குச் சம்பளம் முதலாளி இல்லை, தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். எந்த நாவல் என்பதை ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். பிடித்திருந்தால் இலை வெட்டும் சவேத்தா கத்தியால் மேஜையில் தட்டுவார்கள். அடுத்த வருஷமே காலனி அரசு தடை போட்டது என்றால் எவ்வளவு பயந்திருப்பார்கள் பாருங்கள். பழக்கம் ஃப்ளோரிடாவுக்குக் கடல் தாண்டிப் போய், டாம்பாவில் 1931 வரை இருந்தது. பிறகு முதலாளிகள் படிப்பவரை இறக்கிவிட்டார்கள், அந்த இடத்துக்கு ரேடியோ வந்தது. 2003-ல் புலிட்சர் வாங்கிய நீலோ குரூஸின் 'அன்னா இன் த ட்ராபிக்ஸ்' நாடகத்தில் அங்கே படிக்கப்படுவது அன்னா கரேனினா. மோன்டேக்ரிஸ்டோ என்ற சிகாரின் பெயரே சுருட்டியவர்களுக்குப் பிடித்த தூமாவின் நாவலிலிருந்து வந்தது. நமக்குப் பக்கத்தில் கண்ணூர் பீடித் தொழிலாளர்களும் இதே மாதிரி பத்திரிகை படிக்கக் கேட்டவர்கள்தான்.

மேஜையில் கத்தி தட்டும் சத்தத்துக்கு மார்க் கிடையாது. ஒரு அத்தியாயத்தில் பலமாக இருக்கும், அடுத்ததில் இருக்காது. எந்த இடத்தில் தட்டினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இப்போது நோட்டில் ஒப்புமைச் சொல்லுக்கு ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். போன மாதம் எழுதியதில் ஒன்று:

உறையூர் சுருட்டு. இரண்டு முனையும் திறந்தது, வெட்ட வேண்டியதில்லை. நெருப்பு ஒருபக்கமாக ஓடுகிறது, திருப்பித் திருப்பிப் பிடிக்க வேண்டும். பற்றவைத்ததுமே நெடி, மூக்கில்தான், தொண்டைக்கு வரவில்லை. காட்டம் உடனே வந்து அப்படியே நிற்கிறது, ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. பாதியில் அணைந்தது. மறுபடி பற்றவைத்ததும் கமறல். கடைசி இரண்டு விரற்கடையில் வெல்லப்பாகு அடிப்பிடித்த மாதிரி ஒரு வாசம், அதற்காக இன்னொன்று பிடிக்கலாம். மறுநாள் காலை வரை மீசையில் இருந்தது. பாட்ரோனுக்கு முன்னால் பிடிக்க வேண்டாம், நாக்கு மரத்துப்போகும்.